ஜெக்கரியா மாற்றிய செட்டிங்

"அந்த ஜெக்கரியா அஞ்சு நிமிஷந்தான்யா தட்டினான். சங்கத்து லேப்டாப் இப்ப பறக்குது! தேர்தல் முடிஞ்ச மறுநாளு சுவத்துல கட்சிப் பேரு மாறுமே, அந்த வேகம்!"

ஜெராக்ஸ் எடுக்க வந்த இடத்தில், அதுவும் இராஜாங்கத்தின் கடையிலேயே நின்றுகொண்டு இதைச் சொன்னார் விவசாயிகள் சங்கத் தலைவர் இளையபெருமாள்.

இராஜாங்கம் கூத்தாநல்லூர் கடைத்தெருவில் பதினைந்து வருஷமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர். எந்தக் காலேஜுக்கும் போகாமல், தானே திறந்து, தானே கெடுத்து, தானே சரிசெய்து கற்றுக்கொண்ட தொழில். போன வருஷம் குவைத்திலிருந்து திரும்பிய இந்த ஜெக்கரியாப் பயல் எதிரே வந்து கடை போட்டான். அன்றிலிருந்து இவர் வேலை பார்த்ததைவிட, எதிர்க்கடை வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதுதான் அதிகம்.

"அப்படி என்னத்தப் பண்ணினானாம்?"

"உள்ள ஏதோ ஒரு செட்டிங்காம். லேசுல கண்ணுல படாதாம். நீயும் நாலு வருஷமா பாத்த. ஒரு மனு திறக்கறதுக்குள்ள நான் டீயே குடிச்சிட்டு வந்துடுவேன். இனிமே சங்கத்து வேலைய அவன்கிட்டயே கொடுத்துடலாம்னு கமிட்டியில பேச்சு. கோவிச்சுக்காத."

சங்கத்து வேலை போனால் ஊர் வேலையும் பின்னாலேயே போய்விடும். இராஜாங்கத்தின் வாயில் அது தானாக வந்தது.

"கண்ணுல படாத செட்டிங்குன்னா சும்மாவா தலைவரே? கேஸ் கெணறு தோண்டக் கூடாதுன்னு நானூறு பேரு கொடுத்த ஆட்சேபணை மனு அதுக்குள்ளதானே இருக்கு? பட்டா நம்பரு, போன் நம்பரு எல்லாம்? அது எந்தக் கம்பெனிக்காரன் கைக்குப் போவுதோ!"

இளையபெருமாளின் முகம் மாறியது. வயலில் இறங்கிய சர்வே ஆட்களை மறித்து, போன மாதம்தான் வழக்கு வாங்கியிருந்தார் மனுஷர்.

"நாளைக்குக் காலையில சங்கத்துக்கு வா. அவனையும் வரச் சொல்றேன். எல்லாருக்கும் முன்னாடி திறந்து காட்டு."

மறுநாள் சங்கத்துக் கொட்டகையில் இருபது பேர். ஜெக்கரியா ஒரு மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

இராஜாங்கம் லேப்டாப்பைத் திறந்தார். ஒளிந்து ஓடும் புரோகிராம் ஏதாவது உண்டா என்று பார்த்தார். இல்லை. நெட் வழியாக எதுவும் வெளியே போகிறதா? அதுவும் இல்லை. கடைசியில் பவர் செட்டிங்குக்குள் போய், அதற்கும் உள்ளே போனார்.

ப்ராசஸர் வேகம்: நூறு சதவீதம்.

கை அப்படியே நின்றது. அதை ஐம்பதில் வைத்தவர் அவர்தானே!

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம் கரண்ட் போன காலம். பேட்டரி தாங்கட்டும் என்று, பள்ளிப் பிள்ளைகளின் இலவச லேப்டாப்பிலிருந்து இந்தச் சங்கத்து லேப்டாப் வரை, கைக்கு வந்ததையெல்லாம் பாதி வேகத்தில் ஓடும்படி வைத்துக் கொடுத்தார். கரண்ட் சரியான பிறகு திரும்ப மாற்ற வேண்டும் என்பது அடியோடு மறந்துபோயிற்று. பயல் செய்த மாயமெல்லாம் அந்த ஐம்பதை நூறாக்கியதுதான்.

நிமிர்ந்தார். ஜெக்கரியா அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னய்யா, எதாச்சும் ஆப்டுச்சா?" என்றார் இளையபெருமாள்.

"ஒரு செட்டிங்க மாத்தித்தான் இருக்கான்..." என்று இழுத்தபடி லேப்டாப்பை மூடினார் இராஜாங்கம்.

அது போதுமாக இருந்தது. கமிட்டி ஆள் ரெத்தினம் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"என்னடா மாத்தின?"

"மாத்தினது உண்மைதாங்க" என்றான் ஜெக்கரியா. "அதனால ஒரு கெடுதலும் இல்லங்க. என்னன்னு மட்டும் கேக்காதீங்க."

"கேட்டா?"

"சொல்ல மாட்டேங்க."

"பாத்தீங்களா தலைவரே! மடியில கனம் இல்லாதவன் ஏன் மறைக்கணும்? வெளிய போடா! இனிமே இந்தப் பக்கம் தலை வைக்காத!"

ஜெக்கரியா செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தான்.

"நல்லவேளை, நீ கண்டுபிடிச்ச. இனிமே சங்கத்து வேலை உனக்குத்தான்யா" என்று தோளில் தட்டினார் இளையபெருமாள்.

ஒரு வருஷமாக எதற்கு ஏங்கினாரோ அது கிடைத்துவிட்டது. இராஜாங்கத்தால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து ஓடினார். வாய்க்கால் மதகருகில் ஜெக்கரியாவின் கையைப் பிடித்தார்.

"வாடா உள்ள. அம்பது வச்ச மடையன் நான்தான்னு எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன். ஒண்ணு மட்டும் சொல்லு. அவ்வளவு பேச்சு வாங்கினியே, நீ ஏண்டா வாயத் திறக்கல?"

ஜெக்கரியா வாய்க்கால் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னான்.

"கரண்ட் இல்லாத அந்த வருஷந்தாண்ணே எங்க உம்மா மவுத்தானாங்க. நான் குவைத்துல, லீவு கிடைக்கல. தங்கச்சியோட இலவச லேப்டாப்பு, நீங்க அம்பதுல வச்சுக் கொடுத்தது, அதனாலதான் கூடுதலா ஒண்ணரை மணி நேரம் தாங்குச்சு. உம்மா அதுல வீடியோ கால்ல என் முகத்தப் பாத்துக்கிட்டேதான் கண்ண மூடினாங்க. அத எப்படிண்ணே தப்புன்னு நாலு பேரு முன்னாடி நான் சொல்வேன்?"