சும்மா கிடந்தவள்

ஆய்வுக்கூட எலி ஒன்றின் முன்பல்லுக்கு, தன் வேரடியில் கிடந்த சின்ன உயிரணுவைக் கண்டாலே ஆகாது. ஈறுக்குள் தன்னைப் பிடித்திருந்த நாரிடம், "நாரண்ணே, கடிப்பதெல்லாம் நான். இவள் சும்மா கிடக்கிறாள். வெளியே தள்ளுங்கள்" என்றது.

"அடுத்த மாதம் தள்ளலாம், தம்பி."

அந்த வாரம் ஆய்வுக்கூடத்தில் அந்த உயிரணுவின் மரபணுவில் மட்டும் சிவப்பு நிறம் ஏற்றினார்கள்.

"களவாணிக்குக் குறி போட்டாச்சு" என்று பல் இளித்தது.

ஒரு மாதத்தில் பல்லுக்குள்ளும் சிவப்பு பரவியது. நாரும் சிவந்தது.

"அண்ணே, நம்மேல் யார் சாயம் கொட்டியது?"

"யாரும் கொட்டவில்லை" என்று உயிரணு முதல்முறையாகப் பேசியது. "தேயத் தேய உங்கள் இருவரையும் கட்டுவது என் பிள்ளைகள். என் பிள்ளைகளுக்கு என் நிறம்தானே வரும்."

நார் பல்லைப் பார்த்துக் கேட்டது. "தம்பி, யாரைத் தள்ளச் சொன்னாய்?"

பல் தன் உடம்பில் சிவக்காத இடம் ஒன்றைத் தேடியது. கிடைக்கவில்லை.