பத்து மணிக் கச்சான்

வேணுஜா மூன்றாம் தரமும் போனை எடுத்தாள். மூன்றாம் தரமும் வைத்தாள்.

முற்றத்தை இரண்டு தரம் கூட்டியாயிற்று. கூட்டின முற்றத்தை இன்னொரு தரம் கூட்டினால் அயலட்டை சிரிக்கும்.

விடிய றொஷான் நண்டு வலையைத் தோளில் போட்டபோது அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். காற்று ஒரு மாதிரிக் கிடக்கிறது, இன்றைக்குப் போக வேண்டாம் என்று.

அதற்கு அவன் சிரித்தான். சிரித்ததோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை.

“உயிலங்குளத்து வயல்காரி, உனக்குக் கடலைத் தெரியுமோ?”

போதாதா? ஊற்றி வைத்த தேத்தண்ணியை வேலியோரம் கொட்டினாள். அவனும் விறைப்பாக வெறும் வயிற்றோடு வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

தெரியாதுதான். பெற்றோர் அவளைத் தூக்கிக்கொண்டு இந்தியாவுக்கு ஓடியபோது அவளுக்கு மூன்று வயது. வளர்ந்தது ஈரோட்டுப் பக்கத்து அகதி முகாமில். அங்கே கடலும் இல்லை, கரையும் இல்லை. சண்டை முடிந்து ஊர் திரும்பி இரண்டு வருடம். றொஷானைக் கட்டி ஓலைத்தொடுவாய்க்கு வந்து ஒன்பது மாதம். அதற்காக முகத்துக்கு நேரே கேட்பதா?

கோபம் ஒரு பக்கம் கிடக்கட்டும், பயம் அவளை இருக்க விடவில்லை. ஆனி மாதத்துக் கடல் விடியக் கண்ணாடி போலக் கிடக்கும், வெயில் ஏறப் பேயாட்டம் ஆடும். போன ஆனியில் இந்த ஊர் யாகப்புவின் வள்ளம் கரைக்கு வந்ததாம். யாகப்பு வரவில்லை.

எட்டரை மணிக்குத்தான் வலன்ரைன் அண்ணை சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தார். ஊரில் மூத்த கடற்காரர். தன் போனைக் கடலில் தவறவிட்ட நாளிலிருந்து ஊரார் போன்தான் அவர் போன். பிரேக் கூடப் பிடிக்காமல் கத்தினார்.

“பிள்ளை, றொஷானுக்கு அடிச்சுச் சொல்லு! பத்து மணிக்கு முன்னம் கச்சான் வருகுது!”

ஓம் என்று தலையாட்டிய பிறகுதான் அவளுக்குச் சுள்ளென்று ஏறியது.

போன கிழமையும் வந்தது. முசலியில் இருக்கிற அவருடைய தங்கச்சி தன் தோட்டத்துக் கச்சானைச் சாக்கில் கட்டி வலன்ரைனுக்கு பஸ்ஸில் போட்டுவிட, றொஷான்தான் மோட்டார் சைக்கிளில் போய் ஏற்றிக்கொண்டு வந்தான். அதில் இவர்களுக்கும் ஒரு பை கிடைத்தது. இப்போது அடுத்த சாக்காக்கும். கடலில் நிற்கிற மனிசனைக் கூப்பிட்டுச் சாக்குத் தூக்க விட வேண்டுமாம். நல்ல கதை!

முகாமைச் சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் கடலை, கடலை என்றுதான் சொல்வார்கள். அவளுடைய அம்மா மட்டும் கடைசிவரை கச்சான் என்பதை விடவில்லை. ஊர்ச் சொல்லாம். அவித்த கச்சான், வறுத்த கச்சான். அதைத் தவிர வேறு கச்சானை வேணுஜா கண்டதில்லை.

சண்டை பிடித்த புருஷனிடம் முதலில் வாய் திறப்பது ஒரு சாக்குக் கச்சானுக்காகவா? மானம் கெட்ட வேலை. அதனால்தான் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

நாலாம் தரம் அடித்தே விட்டாள். அவன் குரலைக் கேட்டால் போதும் என்றிருந்தது. கச்சான் ஒரு சாட்டு.

“இஞ்சருங்கோ, பத்து மணிக்கு முன்னம் கச்சான் வருகுதாம். வலன்ரைன் அண்ணை சொல்லச் சொன்னவர்.”

அந்தப் பக்கம் அவன் குரல் மாறியது.

“வலன்ரைன் அண்ணையோ சொன்னவர்?”

“ஓம்.”

போன் கட்டாகிவிட்டது. சாப்பிட்டியா என்றொரு வார்த்தை இல்லை. கச்சான் என்றது மட்டும் காதில் விழுந்துவிட்டது அவருக்கு!

அழுகை வந்தது. அழுதுகொண்டே போன கிழமைப் பையில் மிச்சமிருந்ததைக் கழுவிப் பானையில் போட்டு, உப்பும் போட்டு, அடுப்பில் ஏற்றினாள். எவ்வளவு கோபமென்றாலும் வெறும் வயிற்றோடு போனவன். அவித்த கச்சானென்றால் ஒரு பானையையும் முடிப்பான்.

பத்து மணியாகப் பத்து நிமிடம் இருந்தது. மீள்குடியேற்ற வீட்டுக் கூரைத் தகரம் ஒருமுறை தூக்கி அடித்தது. பிறகு விடாமல் அடித்தது. முற்றத்து மண் எழும்பிக் கண்ணுக்குள் வந்தது.

வேணுஜா செருப்பில்லாமல் கரைக்கு ஓடினாள்.

கடல் முழுக்க வெள்ளையாகப் புரண்டது. கரையில் ஏழு வள்ளங்கள் ஏற்றிக் கிடந்தன. எட்டாவதை ஆட்கள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் முதல் ஆளாக, வலையும் இல்லாமல், சொட்டச் சொட்ட நின்றான் றொஷான். எட்டு வள்ளம்தான் போனது. எட்டும் வந்துவிட்டது. மாதாவே என்று அவள் வாயிலும் வந்தது.

வலன்ரைன் அண்ணை இடுப்புச் சாரத்தை இறுக்கிப் பிடித்தபடி மேற்கே பார்த்து நின்றார்.

“சொன்ன நேரத்துக்கே வந்திட்டுது பாத்தியே, கச்சான்? மேற்கால வாற இந்தக் காத்துத்தான் எப்பவும் பொல்லாதது.”

வேணுஜாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அப்படியே மணலில் இருந்துவிட்டாள். மூன்று தரம் எடுத்தாள். மூன்று தரம் வைத்தாள்.

றொஷான் கை கொடுத்துத் தூக்கினான். வீட்டுக்குப் போகிற வழி முழுக்க அவன் அவளைப் பார்க்காமலே நடந்தான். வேலிப் படலையடியில்தான் வாய் திறந்தான்.

“வலையை அறுத்து விட்டிட்டு, மற்ற வள்ளங்களுக்கும் கத்திச் சொல்லிப்போட்டு வந்தனான். கோவத்தோடயும் அடிச்சுச் சொன்னியே. உனக்குக் கடலைத் தெரியாதெண்டு நான் சொன்னது பிழை.”

உண்மையைச் சொல்ல அவள் வாயெடுத்தாள்.

அவன் மூக்கை உறிஞ்சினான். பசித்த மூக்கு.

“என்ன மணக்குது? அடுப்பில என்ன?”

வேணுஜா அழத் தொடங்கினாள்.

“கச்சான்,” என்றாள்.