அக்காவின் முகம்

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் துரைக்கண்ணு, ஆறு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் அந்த நடன விடுதிக்கு வந்துகொண்டிருந்தார். அங்கே பெண்கள் ஆடை களைந்து ஆடுவார்கள். அவர் வருவது பவளமணிக்காக மட்டும்தான். ஆடி முடித்ததும் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து அவர் எதிரே உட்காருவாள். மனைவி இறந்த பிறகு அவர் மனம்விட்டுப் பேசியது அவளிடம்தான்.

அன்று துணிந்து கேட்டுவிட்டார்.

“என்னைக் கட்டிக்கிறியா பவளம்?”

அவள் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த சின்னக் கருவியை விரலால் அழுத்தினாள். அது ஒளியால் வரைந்திருந்த பவளமணியின் முகம் விளக்கு அணைந்தாற்போல மறைந்தது. அதனடியில் களைத்துப்போன இன்னொருத்தியின் முகம் இருந்தது.

“நான் அவ தங்கச்சி, அஞ்சுகம். அக்கா செத்து ரெண்டு வருசமாச்சுங்க. அவ முகத்தை இருபது வருசத்துக்கு விடுதிக்கு எழுதிக் குடுத்திருந்தா. நான் அழுதாலும் அந்த முகம் சிரிச்சுக்கிட்டேதான் இருக்கும். அவளை மாதிரியே ஆட எனக்குத்தான் வந்துச்சு.”

“அப்போ, போன வருசம் ஆஸ்பத்திரிக்கு வந்து எனக்குக் கஞ்சி ஊட்டினது?”

“நான்தான். நீங்க கேட்டதுக்கு எனக்குச் சம்மதம். அதைச் சொல்லத்தான் முகத்தைக் கழட்டினேன். விடுதிக்குத் தெரிஞ்சா வேலை போயிரும். போகட்டும்.”

துரைக்கண்ணு அவளையே பார்த்தார். இரண்டு வருடம் தன்னைத் தாங்கியவள் இவள்தான் என்று புரிந்தது. ஆனாலும் அவருக்குப் பவளமணி அந்த நிமிடம்தான் செத்தாள்.

“ஒரே ஒரு தடவை அவ முகத்தைப் போட்டுக்கம்மா,” என்று கெஞ்சினார்.

அஞ்சுகம் போட்டுக்கொண்டாள். அவர் அவள் மடியில் விழுந்து, அக்காவின் பெயரைச் சொல்லி அழுதார். அவளும் அழுதாள். நிமிர்ந்து பார்த்த துரைக்கண்ணுவுக்கு, பவளமணி சிரித்துக்கொண்டிருப்பதுதான் தெரிந்தது.