தீரூ

"இருவது ஆயிருச்சா கண்ணு?"

வியாழக்கிழமை காலை போனில் அப்பா கேட்டது அதைத்தான். எல்லா வியாழனும் கேட்பதுதான்.

"பதினாறுங்கப்பா. இன்னும் நாலு இருக்குது."

அமெரிக்காவில் வெளிநாட்டு மாணவன் பல்கலைக்கழக வளாகத்துக்குள்தான் வேலை செய்யலாம். வகுப்பு நடக்கிற மாதங்களில் வாரத்துக்கு இருபது மணி நேரம். கூடினால் விசாவுக்கு ஆபத்து. உடுமலைப்பேட்டை மில்லில் ஆயுள் முழுக்க ஷிப்ட் பார்த்த அப்பாவுக்கு இந்தச் சட்டம் தீராத வேடிக்கை.

"நாங்கெல்லாம் ஓவர்டைம் குடுங்கன்னு மேஸ்திரி பொறத்தாண்டியே அலைஞ்சோம். அங்க வேல செய்யாதேன்னு சட்டம் போட்டிருக்கறான் பாரு, மவராசன்!"

சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. பால்காரர் மணி அடிக்கிறார் என்று போனை வைத்துவிட்டார்.

மறுநாள் சித்தப்பா அழைத்தார். அப்பா தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

"நீ கெளம்பி வர்ற வரைக்கும் வெச்சிருக்க முடியாது சாமி. வந்தீன்னா மறுக்கா விசா குத்தோணும், குடுப்பானோ மாட்டானோங்கற. படிப்ப முடிச்சுட்டு வா. உங்கப்பன் கேட்டதும் அதைத்தான்."

ஜெர்சி சிட்டி வீட்டில் உடன் இருக்கிற இருவரும் நயாகரா பார்க்கப் போயிருந்தார்கள். அழுதால் ஏன் என்று கேட்க ஆளில்லை. ஒருமுறை சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்டபடி நின்றான்.

சனிக்கிழமை, மிச்சமிருந்த நாலு மணி நேரத்துக்காக வளாகத்து உணவுக்கூடத்துக்குப் போனான். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் முன்னால் அவன் இடம். நீராவியில் முகம் நனைந்திருப்பதை அங்கே யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

"தீரூ, தட்டு!"

"தீரூ, கரண்டி தீர்ந்துபோச்சு!"

அங்கே எல்லோருக்கும் அவன் தீரூதான். இரண்டு வருடமாகப் பழகிய அழைப்பு. அன்று ஒவ்வொரு முறையும் அவன் திரும்பிப் பார்க்கச் சற்று நேரமானது.

நாலு மணி நேரம் முடிந்தபோது தட்டுகள் இன்னும் குவிந்து கிடந்தன. மேற்பார்வையாளர் டெனீஸிடம் போய், இன்னும் ஒரு மணி நேரம் நிற்கட்டுமா, சம்பளம் வேண்டாம் என்று கேட்டான்.

சம்பளம் இல்லாமலும் செய்யக் கூடாது என்றார் டெனீஸ். அவன் ஏப்ரனை அவரே அவிழ்த்து வாங்கிக்கொண்டு, தோளில் தட்டினார்.

"ரூல்ஸ், தீரூ. கோ ஹோம்."

பின்வாசல் படியில் உட்கார்ந்தான். சித்தப்பா ஒரு படம் அனுப்பியிருந்தார். ஊர் பேருந்து நிலையச் சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அப்பா மில்லில் ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலையோடு எடுத்த போட்டோ. முகத்தில் வியாழக்கிழமைச் சிரிப்பு.

கீழே கொட்டை எழுத்தில் 'திருமூர்த்தி' என்றிருந்தது.

அவன் நெஞ்சில் குத்தியிருந்த அட்டையிலும் அதே பெயர்தான்.

பள்ளியில் அவன் தி. மகிழன். பாஸ்போர்ட்டுக்கு இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள். அப்பா பெயர் முன்னால் போய்விட்டது. அமெரிக்காவில் முன்னால் இருப்பதுதான் கூப்பிடுகிற பெயர். வாயில் நுழைந்த அளவுக்கு வைத்துக்கொண்டார்கள், தீரூ என்று. மேஸ்திரியே 'அண்ணா' போட்டுத்தான் கூப்பிடுகிற மனிதரை இங்கே தட்டுக்கும் கரண்டிக்கும் பெயர் சொல்லி விரட்டுகிறார்கள் என்று அப்பாவிடம் அவன் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இன்னொரு தரம் சிரித்திருப்பார்.

தன் பெயர் போட்ட புது அட்டை வேண்டுமென்றால் டெனீஸிடம் கேட்டால் போதும். அடுத்த வாரமே கிடைத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை மணிக்கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. அட்டையைத் துடைத்துக் குத்திக்கொண்டு போனான்.

"தீரூ! வந்தாச்சா?" உள்ளேயிருந்து டெனீஸின் குரல்.

"வந்தாச்சு" என்றான் மகிழன்.

அந்தச் சமையலறையில் திருமூர்த்தி வாரத்துக்கு இருபது மணி நேரம் வேலை பார்க்கிறார். அதற்கு மேல் கூடாது.