தட்டைச் சுற்றிய பருக்கைகள்

“மாமா, நாளைக்கு ராத்திரி மட்டும் நீங்க உங்க ரூம்லயே சாப்பிட்டுக்குங்களேன்,” என்றாள் மருமகள்.

மாமனார் நிமிர்ந்தார். அவர் தட்டைச் சுற்றி மேஜைவிரிப்பெல்லாம் பருக்கை.

“யாரும்மா வர்றாங்க?”

“எங்க துறைத் தலைவர். என் ஆராய்ச்சியை நீட்டிக்கிறதா வேண்டாமான்னு அவர்தான் முடிவு பண்ணணும். அவர் முன்னாடி நீங்க இப்படிச் சிந்தினா மானம் போயிடும்.”

“உன் கடல் பூச்சிகூடச் சிந்தித்தானே சாப்பிடுது? நீதானே சொன்னே!”

சொன்னது உண்மைதான். கரையோரக் கடலில் மிதக்கும் அந்தப் பூச்சி கடுகைவிடச் சின்னது, இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். பாசியைக் காலால் இழுத்து ருசி பார்க்கும். பிடிக்காவிட்டால் தள்ளிவிடும், பிடித்தால் கடிக்கும். கடிக்கும்போது கொஞ்சம் சிந்தும். அந்தச் சிந்தலில்தான் அதைவிடச் சின்ன உயிர்கள் பிழைக்கின்றன என்று மருமகள் மேடை மேடையாகப் பேசுவாள். வீட்டில் மட்டும் யாரும் சிந்தக் கூடாது.

“அது பூச்சி மாமா. நீங்க காலமெல்லாம் கைக்கடிகாரம் ரிப்பேர் பண்ணினவர். அந்தக் கையில ஒரு வாய்ச் சோறு நிக்க மாட்டேங்குதா?”

“வயசாச்சும்மா,” என்று சிரித்தார் மாமனார்.

“நானும் அவரோட ரூம்லயே சாப்பிட்டுக்கறேனே,” என்றாள் பக்கத்தில் இருந்த மாமியார்.

“நீங்க எதுக்கு அத்தை? நீங்க ஒரு பருக்கைகூடச் சிந்த மாட்டீங்க.”

பூச்சிகள் சாப்பிடுவதைப் படம்பிடித்து, மெதுவாக ஓட்டிப் பார்ப்பதுதான் மருமகளின் வேலை. மாமனாருக்கும் அதே வைத்தியம் பார்க்க நினைத்தாள். யாருக்கும் தெரியாமல் போனைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்தாள். அவர் சாப்பிடும் லட்சணத்தை அவருக்கே போட்டுக் காட்டினால்தான் வழிக்கு வருவார்.

பாத்திரங்களை ஒழித்துப் போட்டுவிட்டு, படத்தை மெதுவாக ஓட்டினாள்.

மாமனாரின் கரண்டி ஆடவே இல்லை. மாமியாரின் கை வெடவெடவென்று நடுங்கியது. சோறு சிந்தியதும் மாமியார் பயந்துபோய் மருமகளைப் பார்க்கிறாள். அதற்குள் மாமனார் அந்தப் பருக்கைகளைத் தன் தட்டோரம் தள்ளிவிட்டு, தன் கரண்டியையும் நிதானமாகக் கவிழ்க்கிறார்.

பூச்சியின் காலையெல்லாம் பார்த்தவள், பக்கத்தில் இருந்த கையைப் பார்க்கவில்லையே என்று மருமகளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

மறுநாள் துறைத் தலைவர் வந்தபோது மேஜையில் நாலு தட்டு இருந்தது.

மாமியாரின் கை நடுங்க ஆரம்பித்தது. மாமனார் தன் கரண்டியைக் கவிழ்க்கப் போனார். அதற்குள் மருமகளின் கரண்டிச் சோறு அப்படியே மேஜைவிரிப்பில் கொட்டியது.

“மன்னிச்சுக்குங்க சார். எங்க வீட்ல எல்லாருமே கொஞ்சம் சிந்தித்தான் சாப்பிடுவோம்.”

“அடேயப்பா, ஆராய்ச்சி வீட்லயே நடக்குதே! நீட்டிச்சுட வேண்டியதுதான்,” என்று சிரித்தார் துறைத் தலைவர்.

மாமனார் மருமகளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்.

அன்றைக்கு அவர் ஒரு பருக்கைகூடச் சிந்தவில்லை.