கால் தேய்க்கிற கல்

“அந்தக் குளத்தில கல்லு மிதந்தது, மேடம்” என்றான் அன்புராசா.

திரையின் இன்னொரு கட்டத்தில் இருந்த ரதி அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். இந்தக் கிழமை அவள் மொழிபெயர்க்கும் நாலாவது அகதி விசாரணை. முதுகு விட்டுப்போயிருந்தது.

கனடாவுக்குக் களவாகக் கூட்டிவந்த ஏஜென்ட் தன்னை நாற்பது நாள் வைத்திருந்த நாட்டின் பெயர் அவனுக்குத் தெரியவில்லை. மலையை மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது.

உச்சியில் எப்போதும் புகை. மண் கறுப்பு, கை வைத்தால் சுடும். சோற்றில் சாம்பல் விழும். கிட்ட ஒரு ஊரும் இல்லை. அடிவாரக் குளத்தில் ஓட்டை ஓட்டையாக, கால் தேய்க்கிற கல்லைப் போலக் கற்கள் மிதந்தனவாம்.

அதைத் திருத்திச் சொல்ல விருப்பமா என்று விசாரணை அதிகாரி கேட்டார். இல்லை என்றான்.

அதிகாரி குனிந்து ஏதோ எழுதினார். ரதிக்கு அந்தக் குனிவு பழக்கம். இனி இவன் என்ன சொன்னாலும் எடுபடாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மொழிபெயர்ப்பவள் சொந்தமாக ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். பதினெட்டு வருஷமாக அவள் சேர்த்ததில்லை.

பத்து நிமிட இடைவேளை விட்டார்கள்.

ரதி தன் வீட்டுக் குளியலறைக்குப் போய் வாளியை நிரப்பினாள். டொலர் கடையில் வாங்கிய கல் மூலையில் கிடந்தது. எத்தனையோ வருஷமாக அதில்தான் குதிக்கால் தேய்க்கிறாள். ஒருநாளும் தண்ணீருக்குள் போட்டுப் பார்த்ததில்லை.

இப்போதும் போடப் பயமாக இருந்தது.

போட்டாள். மிதந்தது.

வாளிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் குந்தியிருந்தாள்.

விசாரணை மறுபடி தொடங்கியதும், ஒரு விஷயம் சொல்ல அனுமதி கேட்டாள். தண்ணீர் நிரம்பிய கண்ணாடிக் கிண்ணத்தைக் கமராவுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தாள். கல் அதில் மிதந்துகொண்டிருந்தது. எரிமலை கக்குகிற இந்த மாதிரி ஓட்டைக் கல் மிதக்கும், அவன் சொன்னது உண்மை என்றாள்.

அதிகாரி திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார். பிறகு எழுதியதை ஒரு கோடு போட்டு வெட்டினார். இது உங்களுக்கு முதலே தெரியுமா என்று கேட்டார்.

தெரியாது என்றாள். அது பொய்யில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்பு, கனடாவுக்கு வருகிற வழியில், ஏதோ ஒரு மலையடியிலிருந்து அவளுடைய தம்பி துஷாந்த் போன் எடுத்திருந்தான்.

“அக்கா, இஞ்ச கல்லுத் தண்ணியில மிதக்குது.”

விசர்க்கதை கதைக்காதே, எனக்கு விசாரணைக்கு நேரமாகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவனிடமிருந்து போனே வரவில்லை.