எழுதாத சீட்டு

பத்து நிமிடம் பிந்தி வந்த பெண், மூச்சு வாங்க மேஜை முன்னால் நின்று, சீட்டை வாங்கிக்கொள்ளத் தானாகவே கையை நீட்டினாள்.

"போய் மெஷின்ல உக்காரு" என்றாள் மேற்பார்வைக்காரி.

"சீட்டு எழுதலையாக்கா?"

"உக்காருன்னு சொன்னேன்."

தையல் கூடத்தில் ஒரு நொடி ஊசிகள் நின்று மறுபடி ஓடின. தலையில் துணி கட்டாவிட்டால் சீட்டு. மெஷின் மேல் தண்ணீர் பாட்டில் வைத்தால் சீட்டு. மூன்று சேர்ந்தால் ஒரு நாள் வெளியே நிற்க வேண்டும். பதினோரு வருடமாக அவளுக்குச் சீட்டக்கா என்றுதான் பெயர்.

"வீட்டுக்காரருக்கு உடம்பு தேறுது போல. அதான் அக்கா குளிர்ந்து போயிருக்கு" என்று பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிந்தி வந்தவள் மட்டும் கண் கலங்கிப் போனாள். "உங்க மனசு யாருக்குக்கா வரும்?"

சீட்டக்கா இழுப்பறையைத் திறந்து நூற்கண்டுகளை எண்ணத் தொடங்கினாள். கண்டுகளுக்கு அடியில், காலையில் அலுவலகத்திலிருந்து வந்த பெயர்ப்பட்டியல் நான்காக மடித்துக் கிடந்தது.

மாலை நான்கரைக்கு அவள் மருத்துவமனை மாடிப்படி ஏறியபோது, கைப்பையில் துண்டுக்கு அடியில் வறுத்த மீன் ஒளிந்திருந்தது. ஊருக்கெல்லாம் சீட்டு எழுதுகிறவள் மீன் கடத்துகிறாளே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் உப்பில்லாக் கஞ்சி குடித்துக் குடித்து நாக்கு செத்துப்போயிற்று என்று வீட்டுக்காரர் மூன்று நாளாகக் குழந்தை மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வார்டு வாசலிலேயே சிஸ்டர் மறித்தார். வீட்டுக்காரர் அந்த அம்மாளுக்கு வைத்த பெயர் ஹெட்மாஸ்டரம்மா.

"பையில என்ன?"

போன வாரம் ஓர் ஆரஞ்சுப் பழத்துக்கே வார்டு அதிரத் திட்டு விழுந்தது. 'உங்க வீட்டுக்காரர் நடந்து வீட்டுக்குப் போகணுமா வேணாமா?' கட்டிலில் உட்கார்ந்ததற்கு ஒரு நாள், ஐந்து மணிக்கு மேல் ஐந்து நிமிடம் நின்றதற்கு ஒரு நாள். ஒவ்வொரு திட்டுக்கும் முகம் சுண்டினாலும், உள்ளுக்குள் அவளுக்கு அந்த அம்மாள் மேல் மரியாதைதான். திட்டத் தெரிந்தவர் என்று.

"மீனு, சிஸ்டர். ரெண்டே துண்டு. சும்மா வாசனைக்கு..."

சிஸ்டர் துண்டை விலக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மூடினார். "முள்ளு பாத்துக் குடுங்க."

அவள் பையை இழுத்து மூடினாள்.

"பாப்பா கீழ வாச்மேன்கிட்டயா நிக்குது? மேல கூட்டிட்டு வாங்க."

"பத்து வயசுக்குள்ள விட மாட்டீங்களே?"

"பரவால்லம்மா. அஞ்சு மணியாச்சேன்னு ஓட வேணாம். நிதானமா இருந்துட்டுப் போங்க."

"உங்க மனசு யாருக்கு வரும் சிஸ்டர்?"

சிஸ்டர் தட்டிலிருந்த பஞ்சுருண்டைகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார்.

இருபத்து மூன்று நாள் கழித்து அப்பாவைப் பார்த்த மகள் நேராகக் கட்டில் மேலேயே ஏறி உட்கார்ந்தாள். யாரும் அதட்டவில்லை. அவர் ஒரு துண்டு மீனை வெகுநேரம் மென்றார். மற்றதை முள் நீக்கி மகளுக்கு ஊட்டினார். பிறகு, "ஜன்னல்ல எத்தனை புறா இருக்குன்னு எண்ணிட்டு வா, பார்க்கலாம்" என்று அவளை அனுப்பினார்.

"சொல்லுங்க மேடம், இன்னிக்கு யாரு யாருக்குச் சீட்டு?" தினமும் முதலில் கேட்கிற கேள்வி இன்று கடைசியாக வந்தது.

"ஒருத்தி பத்து நிமிஷம் லேட்டு. எழுதல."

"ஓ" என்றார். சிரிக்கவில்லை.

"அத விடுங்க. உங்க ஹெட்மாஸ்டரம்மாவுக்கு என்ன ஆச்சு? மீனைப் பாத்தும் ஒரு வார்த்தை சொல்லல. பாப்பாவ அவங்களே மேல கூட்டிட்டு வரச் சொன்னாங்க. நீங்க தேறிட்டீங்க, அதான். வெள்ளிக்கிழமை ஆபரேஷன் முடிஞ்சா நேரா வீடுதான்."

"ஆபரேஷன் வேணாம்னுட்டாங்க. காலைல பெரிய டாக்டர் வந்தாரு."

"பாத்தீங்களா!" அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "கத்தியே வைக்காம சரியாப் போச்சு! நான் சொன்னேன்ல?"

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் சொன்ன வேடிக்கை அவளுக்குப் புரியாதபோது பொறுமையாகக் காத்திருப்பாரே, அந்தப் பார்வை. அவள் பேச்சு வேகம் குறைந்து, கடைசியில் நின்றுபோனது.

மகள் ஜன்னலருகே "ஏழு, எட்டு" என்று எண்ணிக்கொண்டிருந்தாள். அவர் விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்தார்.

"மாசக் கடைசில வேலையை விட்டு நிறுத்தப்போறவங்களுக்குத்தானே நீ சீட்டு எழுத மாட்டே?"